மாநகராட்சியில் மாணவருக்கு என்ன வேலை?

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி தொடங்கியபோது, அதற்கு முதல்வராக இருந்த ஜி.டி. நாயுடு ஒரு கருத்தைச் சொன்னார். பொறியியல் படிக்க நான்கு ஆண்டு என்பது நேர விரயம், இரண்டு ஆண்டே தாராளம் என்றார். பிரிட்டிஷ் அரசு ஒத்துக்கொள்ளவில்லை. நாயுடு பொறுப்பை உதறிவிட்டு வெளியேறினார். தடாகம் சாலையில் இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருப்பது அந்தக் கல்லூரிதான். நாயுடு போட்ட கணக்கு சரியா தப்பா என்பது இருக்கட்டும். படிப்பைப் பட்டறையிலிருந்து பிரித்துவைக்கக் கூடாது என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது, அது அவரோடு போய்விடவில்லை. 1951-ல் பீளமேட்டில் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பை நடத்திவந்திருக்கிறது. அதில் சேர்ந்த மாணவர் வகுப்பும் தொழிற்கூடமுமாக மாறி மாறி இருப்பார். பம்ப்செட்டும் பவுண்டரியும் நூற்பாலை இயந்திரமும் வளர்ந்த ஊரில் இது இயல்பாக வந்த ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கும் ஒரு பெரிய பணியிடம் கோவையில் உண்டு. அது மாநகராட்சி. 1866-ல் நகராட்சியாகத் தொடங்கி, 1981-ல் மாநகராட்சியாகி, 2011-ல் சுற்றுப்புற ஊர்களைச் சேர்த்துக்கொண்டு 257 சதுர கிலோமீட்டர் பரப்பும் 100 வார்டுகளுமாக விரிந்த அமைப்பு. சிறுவாணி, பில்லூர் தண்ணீர், உக்கடம் பெரியகுளத்திலிருந்து சிங்காநல்லூர் குளம்வரை கரைகள், வெள்ளலூர் குப்பைக் கிடங்கு, பாதாளச் சாக்கடை, தெருவிளக்கு, சொத்து வரி, பிறப்பு இறப்புப் பதிவு, பள்ளிக்கூடம், சுகாதார நிலையம் என்று எல்லாம் அதன் பொறுப்பு. சிவில் படிப்பவருக்கு மட்டுமல்ல, வணிகவியல், சட்டம், சமூகப்பணி, புள்ளியியல் படிப்பவருக்கும் இங்கே பாடம் கிடக்கிறது. பட்ஜெட் 3,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. கோவையில் எத்தனை தொழிற்சாலைகள் இந்த அளவுக்குப் பலதரப்பட்ட வேலையை ஒரே இடத்தில் காட்ட முடியும்?

மாணவர்கள் உள்ளாட்சி அலுவலகங்களுக்கு வராமல் இல்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இதற்கு ‘இன்பிளான்ட் ட்ரெயினிங்’ என்று பெயர். துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதத்துடன் நான்கைந்து பேர் கோடை விடுமுறையில் வருவார்கள். செயற்பொறியாளர் அனுமதி தருவார். உதவிப் பொறியாளர் ஒருநாள் ஜீப்பில் ஏற்றிச் சென்று நீரேற்று நிலையத்தையோ சாலைப் பணியையோ காட்டுவார். அதன்பிறகு அவருக்கு மாமன்றக் கூட்டம், புகார், ஒப்பந்ததாரர், அமைச்சர் வருகை என்று ஏதாவது வந்துவிடும். மாணவர்கள் மண்டல அலுவலகத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, “அடுத்த வாரம் வாங்க தம்பி” என்பதைக் கேட்டுக்கொண்டு போவார்கள். கடைசி நாளில் சான்றிதழ் கிடைக்கும். போன வருடத்து சீனியரின் அறிக்கை புதிய அட்டையோடு கல்லூரிக்குப் போய்ச் சேரும். எல்லா அலுவலகத்திலும் எல்லா ஆண்டும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். அக்கறையுள்ள பொறியாளர் ஒருவர் வாய்த்தால் அந்த இரண்டு வாரமே ஒரு மாணவரின் வாழ்க்கைப் போக்கை மாற்றிவிடும். ஆனால் அது அவரவர் அதிர்ஷ்டமாகவே இருக்கிறது.

இங்கே அதிகாரியைக் குறைசொல்லி முடித்துவிடுவது சுலபம். பட்டறையில் ஃபோர்மேன் ஒரு பயிற்சியாளரை ஏன் கவனிக்கிறார்? அவன் கடையும் பாகம் அன்றைய உற்பத்திக் கணக்கில் சேர்கிறது. அவன் சொதப்பினால் ஃபோர்மேனுக்குத் திட்டு விழும். வார்டு பொறியாளருக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. மாணவர் வந்தாலும் வராவிட்டாலும் அவர் செய்தாக வேண்டிய வேலையில் எதுவும் நிற்காது. மாணவர் எழுதியதை வாங்கிக்கொள்ள ஒரு பதவியோ ஒரு கோப்போ கிடையாது. இன்டர்ன்ஷிப் திட்டங்கள் எங்கே தடுக்கிவிழுகின்றன என்று தேடுகிறவர்கள் உதவித்தொகையையும் இணையதளத்தையும் பார்க்கிறார்கள். நான் இந்த இடத்தைப் பார்க்கச் சொல்வேன்.

மத்திய அரசின் ‘டியூலிப்’ திட்டத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளாட்சி அமைப்புகள் புதிய பொறியாளர்களுக்கு ஓராண்டுவரை இன்டர்ன்ஷிப் தரும் என்று 2020-21 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். 2020 ஜூன் 4 அன்று வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகமும் மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் தொழில்நுட்பக் கல்வி கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்து அதைத் தொடங்கின. நாட்டின் 4,400 நகர உள்ளாட்சிகளும் 100 ஸ்மார்ட் சிட்டிகளும் இடம் தரும். பட்டம் முடித்து 18 மாதத்துக்குள் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். எட்டு வாரம் முதல் ஓராண்டுவரை வேலை. 2025-க்குள் ஒரு கோடி இன்டர்ன்ஷிப் என்ற ஏ.ஐ.சி.டி.இ.யின் பெரிய இலக்குக்கு இது கைகொடுக்கும் என்றார்கள். 2016 ஜனவரியில் வெளியான முதல் 20 ஸ்மார்ட் சிட்டிகளின் பட்டியலிலேயே சென்னையோடு இடம்பிடித்த ஊர் கோவை. டியூலிப் வந்தபோது குளக்கரைகளிலும் ரேஸ்கோர்ஸிலும் அந்தப் பணிகள் நடந்துகொண்டிருந்தன. காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

திட்டத்தின் அமைப்பில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று, படித்துக்கொண்டிருப்பவரை அது சேர்த்துக்கொள்ளவில்லை, படித்து முடித்தவருக்குத்தான் இடம். பட்டம் வாங்கிய பிள்ளை வீட்டில் எல்லோரும் எதிர்பார்ப்பது சம்பளத்தை. எட்டு வாரச் சான்றிதழை வைத்துக்கொண்டு அந்த வீடு என்ன செய்யும்? கல்லூரிக்கும் அவர்மேல் பிடி இருக்காது. மதிப்பெண்ணும் இல்லை, கிரெடிட்டும் இல்லை. இன்னொன்று, எத்தனை பேரை எடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதை உள்ளாட்சியின் விருப்பத்துக்கே விட்டார்கள். எடுக்காத ஊருக்கு இழப்பு எதுவும் இல்லை.

கோவைக்கு மூன்றாவதாக ஒரு சிக்கலும் இருந்தது. இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. 2016 அக்டோபரில் முந்தைய மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. டியூலிப் அறிவிக்கப்பட்ட நாளில் கோவைக்கு மேயரும் இல்லை, ஒரு வார்டு கவுன்சிலரும் இல்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் மாநகராட்சி தனி அலுவலரின் கையில் இருந்தது. கொரோனா ஊரடங்கு வேறு. ‘என் வார்டுக்கு இரண்டு பேர் வேண்டும்’ என்று கேட்கவும், வந்தவர் என்ன செய்தார் என்று மன்றத்தில் எழுந்து விசாரிக்கவும் ஓர் ஆள் இல்லாத காலத்தில், இளம் பொறியாளர்களை உள்ளாட்சிக்குள் கொண்டுவரும் திட்டம் வந்து இறங்கியது. உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவதால் வரும் நஷ்டங்களின் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மாநில அரசு தன் பங்குக்கு 2022-ல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் கல்விப் பங்காளி. 30 பேர், இரண்டு ஆண்டு, மாதம் 65,000 ரூபாயும் கூடுதல் செலவுக்கு 10,000 ரூபாயும். தரமான திட்டம், தேர்வும் கடினம். ஆனால் அது மாநில அரசின் பெரிய திட்டங்களைக் கண்காணிக்கவும் கொள்கை வகுக்கவும் ஆள் எடுப்பது. சரவணம்பட்டியில் மழைநீர் வடிகால் எங்கே அடைத்திருக்கிறது என்பது அவர்களுடைய கேள்வி அல்ல.

அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் நிற்கும் மாணவர்கள் கோவையிலேயே இருக்கிறார்கள். மருதமலை சாலையில், 1906-ல் கோவைக்கு வந்த வேளாண் கல்லூரியின் வழித்தோன்றலான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில். அங்கே பி.எஸ்சி. வேளாண்மை நான்காம் ஆண்டில் ஊரக வேளாண் பணி அனுபவம் கட்டாயம். மாணவர் மொழியில் ‘ராவே’. வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்து வட்டாரங்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கேயே வீடு பிடித்துத் தங்க வேண்டும். ஒரு விவசாயியின் தோட்டத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், வட்டார வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் நடைமுறை பார்க்க வேண்டும். ஊர்மக்களைக் கூட்டி, கோலப்பொடியால் தெருவிலேயே கிராமத்தின் வரைபடத்தைப் போடுவார்கள். எது நீரோடை, எது தரிசு, எந்த வீட்டில் மாடு இருக்கிறது என்று ஊர்ப் பெரியவர்கள் திருத்துவார்கள். நகரத்தில் வளர்ந்த பிள்ளை அந்தத் திருத்தத்தில் படிப்பது எந்தப் பாடநூலிலும் இல்லை. விதை நேர்த்தி, இனக்கவர்ச்சிப் பொறி, மண் மாதிரி எடுப்பது என்று செயல்விளக்கம் செய்வார்கள். நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் அதன் புகைப்படம் அடிக்கடி வரும். 2015-ல் ‘ஸ்டூடன்ட் ரெடி’ என்ற பெயரில் மத்திய அரசு இதை விரிவாக்கி, மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகையும் வைத்தது.

ராவேயில் குறை இல்லாமல் இல்லை. புகைப்படத்துக்காக நடத்தும் செயல்விளக்கங்கள் உண்டு. ‘எங்களுக்கே சொல்லித்தர வந்துட்டீங்களா கண்ணு’ என்று விவசாயி சிரிப்பதும் உண்டு. இருந்தாலும் அது ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் நடக்கிறது. நடக்காவிட்டால் பட்டம் கிடையாது என்பது முதல் காரணம். மேற்பார்க்கும் பேராசிரியர் யார், அலுவலர் யார், விவசாயி யார் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது என்பது இரண்டாவது. மாணவர் செய்வதை ஊர் நேரில் பார்க்கிறது, தவறினால் முகத்துக்கு நேரே சொல்கிறது. கிராமத்துக்கு இதைச் செய்யத் தெரிந்த ஊர், நகரத்துக்கு ஏன் செய்யவில்லை? வேளாண்மைத் துறைக்கும் வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் இடையே நீண்ட கால உறவு இருக்கிறது. துறையின் அலுவலர்களில் பலர் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். நகராட்சி நிர்வாகத் துறைக்கு அப்படி ஒரு தாய்வீடு கிடையாது. சிவில் துறை பாலத்தைச் சொல்லித்தருகிறது, வணிகவியல் துறை கம்பெனிக் கணக்கைச் சொல்லித்தருகிறது, நகராட்சியைத் தன் பிள்ளையாக நினைக்கும் துறை எதுவும் இல்லை.

நியூயார்க்கில் இந்தத் தாய்வீட்டை மாநகரமே கட்டியது. ஜான் லிண்ட்சே மேயரான 1966-லேயே ‘அர்பன் கோர்’ என்ற திட்டத்தில் கல்லூரி மாணவர்களை நகரத் துறைகளில் வேலைக்கு வைத்தார்கள். ஏழை மாணவர்கள் படித்துக்கொண்டே சம்பாதிக்க அமெரிக்க மத்திய அரசு தரும் நிதிதான் ஊதியத்தின் பெரும்பகுதி, நகரம் கொஞ்சம் சேர்த்தால் போதும். 1969-ல் அதே மேயர் காலத்தில் ‘அர்பன் ஃபெல்லோஸ்’ என்ற இன்னொரு திட்டமும் வந்தது. அர்பன் கோரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஊதியம் யாரை நோக்கிப் போனது என்பதை. வசதியில்லாத மாணவருக்கு வேறு பகுதிநேர வேலை தேடாமல் இருக்க அந்தப் பணம் உதவியது.

கோவை அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் மாணவர்களில் எத்தனையோ பேர் மாலையில் ஜவுளிக்கடையிலோ உணவு டெலிவரியிலோ வேலை பார்த்துத்தான் பஸ் பாஸும் புத்தகமும் வாங்குகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 9 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அந்தக் கல்லூரி வளாகத்தில்தான் தொடங்கிவைத்தார். ஊதியமில்லாத இன்டர்ன்ஷிப் வைத்தால் அதில் சேர முடியாமல் போவது இந்தப் பிள்ளைகள்தான். அப்பா காரில் இறக்கிவிடும் பிள்ளைகள் வந்து வார்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஊதியத்தைப் பற்றிக் கொங்கு நாட்டில் பேசும்போது ஒரு பழைய கறையைத் தாண்டிப் போக முடியாது. கோவை, திருப்பூர், ஈரோடு நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்து, விடுதியில் வைத்து, கடைசியில் மொத்தமாகத் தொகை தருவதாகச் சொன்னார்கள். அந்தப் பெண்களை ஏட்டில் ‘அப்ரண்டிஸ்’ என்று எழுதினார்கள். முழுநேர வேலைக்குக் குறைந்த கூலி கொடுக்க அந்த ஏட்டுக் குறிப்பு பயன்பட்டது. பயிற்சி என்ற போர்வையில் வேலை வாங்குவது எப்படி என்று இந்த வட்டாரம் நன்றாகக் கற்றிருக்கிறது. மாநகராட்சியிலும் அந்த ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது. தூய்மைப் பணியாளர்களில் பெரும்பகுதியினர் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். 2022 அக்டோபரில் கோவையில் அவர்கள் ஊதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். காலிப் பணியிடத்தில் டேட்டா என்ட்ரிக்கு மாணவரை உட்காரவைத்தால் அடுத்த ஆண்டு அந்தப் பணியிடமே தேவையில்லை என்று தணிக்கையில் எழுதிவிடுவார்கள். ஆகவே மாணவர் செய்யும் வேலை, ஊழியர் செய்ய வேண்டிய வேலையாக இருக்கக் கூடாது. இன்று யாருமே செய்யாத வேலையாக இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட வேலைக்குப் பஞ்சமில்லை. ஒரு வார்டின் மழைநீர் வடிகாலை முனையிலிருந்து முனைவரை நடந்து, அகலம், ஆழம், அடைப்பு, எங்கே போய் விழுகிறது என்று வரைபடத்தில் ஏற்றலாம். தெரு வியாபாரிகளைக் கணக்கெடுக்கலாம். 2014-ன் சட்டப்படி அது நடந்தாக வேண்டிய வேலை. தெருவிளக்குக் கம்பங்களை எண்ணலாம். புகார் கொடுத்தவரிடம் போய், புகார் உண்மையில் தீர்ந்ததா என்று கேட்டு எழுதலாம். தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவருக்கும் இடம் இருக்கிறது. 2022 நவம்பரிலிருந்து நகரங்களில் ஏரியா சபைகள் கூடுகின்றன. அவற்றில் மக்கள் பேசுவதைக் குறைக்காமல், மெருகேற்றாமல், படித்தால் புரியும் தமிழில் தீர்மானமாக எழுதித்தர ஆள் வேண்டும். இப்போது எழுதப்படும் பல குறிப்புகளை எழுதியவரே இரண்டாம் முறை படித்தால் புரிந்துகொள்ள மாட்டார்.

சிவில் மாணவருக்கு நான் பரிந்துரைப்பது எம்-புக்கை. ஒப்பந்தப் பணியில் எத்தனை மீட்டர் கான்கிரீட் போட்டார்கள், எவ்வளவு தடிமன் என்று பொறியாளர் அளந்து எழுதும் அளவைப் புத்தகம் அது. அதை வைத்துத்தான் பில் போடுகிறார்கள். நான்கு ஆண்டில் எஸ்டிமேட் போடக் கற்றுக்கொள்ளும் மாணவர், போட்ட எஸ்டிமேட்டுக்கும் போட்ட ரோட்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை இந்த ஒரு புத்தகத்தில் பார்த்துவிடலாம். இதைக் காட்ட அலுவலகங்கள் தயங்குவதும் இதனால்தான். மாணவர் ஒரு சாட்சியாக வந்து நிற்பார் என்ற பயம் இருக்கிறது. அதை வெளிப்படையாக யாரும் சொல்வதில்லை, ‘ரகசியக் கோப்பு’ என்பார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் நான்காம் பிரிவு பல விவரங்களைக் கேட்காமலேயே வெளியிடச் சொல்கிறது. திட்டம், செலவு, ஒப்பந்தம் என்று மாணவர்கள் பார்க்க வேண்டியதில் பாதிக்கு மேல் அந்தப் பிரிவுக்குள் அடங்கும். அதை ஒழுங்குபடுத்தி இணையத்தில் ஏற்றும் வேலையையே முதல் அணிக்குக் கொடுத்துவிடலாம்.

செலவு பெரிதல்ல. 2024 அக்டோபரில் வந்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் பெரிய கம்பெனிகளுக்குப் போகும் இளைஞருக்கு மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதே தொகையை அளவாக எடுத்துக்கொண்டு, 100 வார்டுக்கும் இரண்டிரண்டு மாணவர், இரண்டு மாதம் என்று போட்டால் 20 லட்சம் ரூபாய். ஒரு தெருவில் கான்கிரீட் சாலை போடும் செலவு.

ஆனால் எல்லா வார்டிலும் ஒரே நாளில் தொடங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். கோவை மாநகராட்சியிலிருந்து தொடங்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. பெரிய அலுவலகத்தில் மாணவர் தொலைந்துபோவார். காரமடை, மதுக்கரை, கருமத்தம்பட்டி, கூடலூர் ஆகியவை 2021-ல்தான் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாக உயர்ந்தன. பொறுப்பு கூடியிருக்கிறது, வீட்டுமனைகள் பெருகுகின்றன, ஆள்பலம் அந்த வேகத்தில் கூடுவதில்லை. அன்னூர் போன்ற பேரூராட்சிகளில் செயல் அலுவலர் ஒருவர் தலையில் எல்லாம் விழுகிறது. அங்கே இரண்டு மாணவர் எடுத்துக்கொடுக்கும் வடிகால் வரைபடம் மறுநாளே பயன்படும். பக்கத்திலேயே கல்லூரிகளும் இருக்கின்றன. ஊர் சிறிது என்பதால், ராவேயில் விவசாயி திருத்துவதுபோல, மாணவர் செய்த வேலையைக் கடைக்காரரும் கவுன்சிலரும் பார்த்துத் திருத்துவார்கள்.

கல்லூரிகளுக்கும் இதில் ஆதாயம் உண்டு. ஏ.ஐ.சி.டி.இ. மாதிரிப் பாடத்திட்டம் பொறியியல் மாணவருக்கு 600 முதல் 700 மணி நேர இன்டர்ன்ஷிப் கேட்கிறது. இத்தனை ஆயிரம் மாணவருக்கு அத்தனை மணி நேரம் தரக் கம்பெனிகள் இல்லை. அதனால்தான் காசு கட்டினால் ஆன்லைனில் சான்றிதழ் தரும் கடைகள் பெருகிவிட்டன. மாணவர்களுக்குத் தெரியும், பேராசிரியர்களுக்கும் தெரியும்.

இதற்குப் புதிய சட்டமோ சென்னையின் உத்தரவோ தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. மன்றத்தில் ஒரு தீர்மானம் போதும். இந்த அலுவலர்தான் மாணவர்களுக்குப் பொறுப்பு, அவர்கள் தரும் அறிக்கைக்குக் கோப்பு எண் உண்டு, அது அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள்நிரலில் வைக்கப்படும் என்று அதில் மூன்று வரி இருந்தால் திட்டம் நிற்கும். கல்லூரி தன் பக்கத்தில் கிரெடிட் கொடுத்து, ஒரு பேராசிரியரை வாரம் ஒருநாள் அனுப்பிவைக்க வேண்டும். வார்டில் ஏரியா சபைக்குப் போகும் பழக்கமுள்ள வாசகர்கள் இந்த மூன்று வரியை அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். அதை எழுதித்தர உங்கள் தெருவிலேயே ஒரு கல்லூரி மாணவர் இருப்பார்.